அப்பா போய் வந்த நேர்காணல்கள்

அன்பு மகள் சேபோமுக்கு,

அம்மா எழுதுகிறேன். தேகுவில் நானும் அப்பாவும் இருக்கிறபடி இருக்கிறோம், யாரும் படுக்கையில் விழவில்லை, அதையே நலம் என்று வைத்துக்கொள். ஹாம்பர்க் குளிர் உன்னை அண்டாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும், அதுதான் தினமும் நான் கேட்டுக்கொள்வது. இந்தப் பார்சலில் மிளகாய்த்தூளும் வறுத்த கடற்பாசித் தாளும் கொஞ்சம் காய்ந்த நெத்திலியும் வைத்திருக்கிறேன், இந்தக் கடிதத்தை நெத்திலிக்குக் கீழே வைக்கிறேன், வாசனை ஏறியிருந்தால் பொறுத்துக்கொள். கிம்ச்சி போடும் காலம் ஒருவழியாக முடிந்தது. நான் வேலை பார்க்கும் பாங் அக்காவின் தொடுகறிக் கடையில் இந்த வருஷம் முட்டைக்கோசுக்கு உப்புப் போட்டுப் போட்டு என் வலது மணிக்கட்டு என்னுடையதே இல்லை என்கிற மாதிரி ஆகிவிட்டது, பேனா பிடித்தால் எழுத்து கோணுகிறது பார். போனில் சொல்லலாமே என்பாய். நம் வீட்டில் போனில் பேசினால் அடுத்த அறைக்குக் கேட்காமல் என்ன இருக்கிறது. இது அப்பாவுக்குக் கேட்காமல் உனக்குச் சொல்ல வேண்டிய விஷயம்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது, அடுத்த மாதம் நேர்காணல் இருக்கிறது, அப்பாவிடம் போனைக் கொடு, எப்படிப் போய் உட்கார வேண்டும் என்ன சொல்ல வேண்டும் என்று கேட்க வேண்டும் என்றாய். அப்பா குளிக்கிறார் என்று சொன்னேன். அவர் குளிக்கவில்லை. நீ கேட்டது காதில் விழுந்ததும் எழுந்து போய்க் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றார். உன் மேல் கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ வேலை பார்த்த கிளையை மூடிவிட்டார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து உன்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தை குறைத்துப் பேசியதில்லை. அவருக்கு வேறு சங்கதி. கோடையிலிருந்து இந்த வீட்டில் நடந்ததை உனக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தோம். மறைக்கிறது எனக்கும் அலுத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன்.

அப்பா கம்பெனியில் பணியாளர் பிரிவில் இருந்ததும், வருஷா வருஷம் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கேள்வி கேட்கும் நாற்காலியில் உட்கார்ந்ததும் உனக்குத் தெரியும். சாப்பாட்டு மேசையில் அந்தக் கதைகளைக் கேட்டுத்தானே வளர்ந்தாய். கதவைத் திறந்து நாற்காலிக்கு வந்து சேர்வதற்குள் ஆள் எப்படி என்று தெரிந்துவிடும் என்பார். உனக்கு ஆறாம் வகுப்பில் வகுப்புத் தலைவர் தேர்தல் வந்தபோதுகூட முழங்காலைச் சேர்த்து வைக்கவும், எதிராளியின் கண்ணை நேராகப் பார்க்காமல் டை முடிச்சைப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்தார், உங்கள் வகுப்புக் கிழ வாத்தியார் டையே கட்டுவதில்லை என்று நீ அழுதாய். கம்பெனியிலிருந்து தானாக விலகுவதாகக் கையெழுத்துப் போட்டு வந்தபிறகு முதல் குளிர்காலம் முழுக்க ஆப்சான் மலை ஏறினார். அந்த வழி நெடுக அவரைப் போன்ற ஆண்கள்தான், எல்லோருக்கும் நல்ல நல்ல மலையேறும் சட்டை, போவதற்கு இடம்தான் இல்லை. வசந்தத்தில் முழங்கால் வலி என்று அதுவும் நின்றது. பிறகு காலையில் நான் கடைக்குக் கிளம்பும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். தூங்குகிறார் என்று நினைத்து நான் சத்தம் போடாமல் கதவைச் சாத்திவிட்டுப் போவேன்.

கோடை வெயில் கொளுத்தின ஒரு நாளில், நம் பக்கத்துக் குடியிருப்பில் காவலாளி வேலைக்கு ஆள் வேண்டும் என்று விளம்பரம் பார்த்ததாகத் தானே சொன்னார். நான் முட்டையைப் புரட்டிக்கொண்டே தலையாட்டினேன். நேர்காணலுக்கு முந்தின நாள் நானே அவருக்குத் தலைமுடிக்குச் சாயம் போட்டேன், நெற்றியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. கருநீலக் கோட்டு, உன் பட்டமளிப்புக்குக் கட்டின டை, கண்ணாடி மாதிரி பாலிஷ் போட்ட ஷூ. மருந்துக்கடையில் பதற்றத்துக்கு விற்கும் அந்தக் கசப்பு உருண்டையை வாங்கி வந்து கொடுத்தேன், பரீட்சைக்குப் போகிற பிள்ளையா நான் என்று சிரித்தார், ஆனால் வாயில் போட்டு மென்றார். அங்கே நிர்வாக அலுவலகத்தில் இருந்தவருக்கு உன்னைவிடப் பத்து வயது கூட இருக்கலாம், அவ்வளவுதான். அப்பா தன்னை அறிமுகப்படுத்திப் பேசி முடித்ததும் அந்த மனிதர் எழுந்தே நின்றுவிட்டாராம். "ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்களைப் பாத்தா இந்தக் குடியிருப்போட தலைவர் மாதிரி இருக்கு. உங்ககிட்ட போய் எப்படி நான் குப்பையைப் பிரிச்சுப் போடுங்கன்னு சொல்றது? குடியிருக்கறவங்களுக்கே சங்கடமா இருக்கும்" என்று சொல்லி வாசல் வரை கூட வந்து வழியனுப்பினாராம். அப்பா வீட்டுக்கு வந்து டையை அவிழ்த்துக்கொண்டே, "ரொம்ப நல்லா பண்ணிட்டேன் போல" என்றார். சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நான் வெள்ளரிக்காயை நறுக்கிக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய குடியிருப்பு. இந்த முறை பளபளப்பு வேண்டாம் என்று மலைக்குப் போடும் சட்டையைப் போட்டுக்கொண்டு, முடியையும் வாராமல் போனார். கூனிக்கொண்டு நடந்து பார்த்தார் வீட்டுக்குள்ளேயே, எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை, நிறுத்துங்கள் என்றேன். அங்கே குடியிருப்பவர்களின் பிரதிநிதிகள் என்று இரண்டு பெண்களும் ஒரு ஆணும் உட்கார்ந்திருந்தார்களாம். உங்கள் பிள்ளை வயதுப் பையன் ஒருவன் வண்டி நிறுத்தும் விஷயத்தில் உங்களைக் கண்டபடி திட்டினால் என்ன செய்வீர்கள் என்று ஒரு அம்மா கேட்டிருக்கிறார். அப்பா, என்ன நடந்தது என்று முதலில் கேட்பேன், தப்பு என் மேல் இருந்தால் மன்னிப்புக் கேட்பேன் என்று சொல்லியிருக்கிறார். அடுத்து இருந்தவர், முதலில் மன்னிப்புக் கேட்பேன், பிறகும் மன்னிப்புக் கேட்பேன் என்றாராம். அவரை எடுத்துக்கொண்டார்கள். "அந்தப் பதிலை நான் ஆள் எடுக்கறப்போ யாராவது சொல்லியிருந்தா, இவன் பொய் சொல்றான்னு தள்ளியிருப்பேன்" என்றார் அப்பா. அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பொய் இல்ல அது. இந்த வேலை என்னன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் இப்படியே போனது. எனக்குக் கடையில் நின்று நின்று கால் வீங்கி வரும், வந்தால் இவர் தொலைக்காட்சியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு நாள் சாயங்காலம் எனக்குப் பொறுக்கவில்லை. சாப்பிட்ட பாத்திரங்களை அப்படியே ஒதுக்கிவிட்டு, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன். நான்தான் ஆள் எடுக்கிறவள், நீங்கள் வேலை கேட்டு வந்திருக்கிறீர்கள், பழகிப் பார்க்கலாம் என்றேன். கிறுக்குத்தனம் என்றார், ஆனால் எழுந்து போய் வாசற்பக்கம் நின்று, கதவைத் தட்டுகிற மாதிரி சுவரைத் தட்டிவிட்டு வந்து குனிந்து வணங்கி உட்கார்ந்தார். சேபோம், கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் அப்பாவை நான் எதிரில் வைத்து ஒரு கேள்வி கேட்டதில்லை. சாப்பிட்டீர்களா, எப்போது வருவீர்கள், கரண்டு பில் கட்டியாயிற்றா, இவ்வளவுதான் எங்கள் கேள்விகள். பெயர் கேட்டேன், யோம் சங்-தே என்று சத்தமாகச் சொன்னார். கோபம் வருமா என்று கேட்டேன், வரும், அதிக நேரம் இருக்காது என்றார். வேலையை விட்ட கடைசி வருஷத்தில் அங்கே என்ன பொறுப்பில் இருந்தீர்கள் என்று கேட்டேன். அது சும்மா வாயில் வந்த கேள்விதான், அவர் பழைய நாளில் கேட்பதாகச் சொன்ன கேள்வி அது.

மேசையில் ஒட்டியிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை நகத்தால் எடுத்தார். பிறகு சொன்னார், கடைசி வருஷம் அவருக்கு வேலையே இல்லையாம். நகல் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், நடையில், சுவரைப் பார்த்து ஒரு மேசை போட்டு உட்கார வைத்துவிட்டார்களாம். போன் கிடையாது, கணினி கிடையாது, தானாகக் கையெழுத்துப் போட்டு விலகும்வரை அப்படியே. நகல் எடுக்க வருகிறவர்கள் எல்லாம் அவர் வேலைக்கு எடுத்த பிள்ளைகள், முதுகுக்குப் பின்னால் வந்து நின்று, என்ன சொல்வதென்று தெரியாமல் இருமிவிட்டுப் போவார்களாம். சுவரில் தீயணைக்கும் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று ஒரு தாள் ஒட்டியிருந்ததாம், அதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லி, பாதுகாப்பு ஊசியை இழு, குழாயை நெருப்பின் அடிப்பக்கம் காட்டு, காற்று வீசும் பக்கம் முதுகை வை என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்தார். அந்த வருஷம் முழுக்க தினமும் நான்தான் அவருக்குச் சட்டை இஸ்திரி போட்டேன். ஒரு நாள்கூட முகம் காட்டிக்கொடுக்கவில்லை. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "இதெல்லாம் இன்டர்வியூல கேக்கற கேள்வியா?" என்றார். "எங்க கம்பெனில கேப்போம்" என்றேன். அவர் சிரிக்கப் பார்த்தார், வரவில்லை. "காலையில நீ கிளம்பறப்போ நான் தூங்கறதில்ல. நீ ஷூ போட்டுக்கற சத்தம் கேக்கும். எழுந்து வந்து நின்னா, நீ போற, நான் இருக்கேங்கறது ரெண்டு பேருக்கும் தெரிஞ்சுபோகும். அதான் போர்வைய இழுத்துக்கறேன். எதுக்கு இந்த வேலை வேணும்னு கேட்டா இதைச் சொல்ல முடியுமா சொல்லு" என்றார். நான் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன். வேறு என்ன செய்வது.

மூன்றாவதாகத்தான் பள்ளிக்கூடம். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் கொஞ்ச தூரம், ஒரு ஆரம்பப் பள்ளி, வாசலில் நின்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற காவலர் வேலை. காலையும் மதியமும்தான், உட்கார ஒரு சின்ன அறை உண்டு, வேலை முடிந்து வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடலாம். இவருக்கென்றே செய்த மாதிரி. அன்று தூறல், எனக்கும் கடைக்கு விடுமுறை, நானும் கூடப் போய் எதிரில் இருந்த நூடுல்ஸ் கடையில் காத்திருந்தேன். சாயமும் போடவில்லை, கூனவும் இல்லை, சாதாரண சட்டை, மேலே அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர். இது கிடைத்துவிடும் என்று என் மனதுக்குப் பட்டது. கிடைத்தால் முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

உள்ளே மூன்று பேரை ஒன்றாக உட்கார வைத்துக் கேட்டிருக்கிறார்கள். அப்பா, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர், பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற யாங் என்று ஒருவர். கேட்டது துணைத் தலைமை ஆசிரியை, கெட்டிக்கார அம்மா என்று அப்பா சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போயிருக்கிறது. கடைசியில் அந்த அம்மா அப்பாவின் விண்ணப்பத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க இத்தனை வருஷம் ஆள் எடுக்கற எடத்துல இருந்திருக்கீங்களே ஐயா, இப்ப எங்க எடத்துல நீங்க இருந்தா, இந்த மூணு பேர்ல யாரை எடுப்பீங்க?" என்று கேட்டிருக்கிறார். விளையாட்டாகக் கேட்டாரோ, ஆழம் பார்த்தாரோ தெரியாது. நீயாக இருந்தால் என்ன சொல்வாய், நானாக இருந்தால் என்ன சொல்வேன், என்னைத்தான் எடுப்பேன் என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டு வருவோம். உன் அப்பா இரண்டு பேரையும் திரும்பிப் பார்த்திருக்கிறார். பிறகு, யாங் அவர்களை எடுப்பேன் என்று சொல்லிவிட்டார்.

ஏன் என்று கேட்டார்களாம். நாங்கள் நடையில் காத்திருந்தபோது மணி அடித்துப் பிள்ளைகள் வெளியே ஓடி வந்தார்கள், பட்டாளத்திலிருந்து வந்த இவர் ஓடாதீர்கள் என்று அதட்டினார், நான் என் கால்சட்டையில் தண்ணீர் படாமல் இழுத்துக்கொண்டேன், யாங் மட்டும் தன் குடைக்கம்பியின் கூர் பக்கத்தை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார், பிள்ளைகள் நடுவே நின்று அவர் உடம்புக்குப் பழக்கம் இருக்கிறது என்றாராம். அப்படியானால் நீங்கள் எதற்கு வந்தீர்கள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, "வேலை வேணும்னுதான் வந்தேன். நீங்க கேட்டீங்க, எனக்குத் தோணினதைச் சொன்னேன்" என்றாராம்.

இதை எல்லாம் அவர் நூடுல்ஸ் கடையில் என் எதிரில் உட்கார்ந்து சொன்னபோது என் உடம்பெல்லாம் சோர்ந்துவிட்டது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. "ஏங்க, அவங்க கேட்டாங்கன்னா நீங்க சொல்லணுமா? நம்ம வீட்டு வாசல் வரைக்கும் வந்த வேலையை எடுத்து அடுத்தவன் கையில கொடுத்துட்டு வந்திருக்கீங்களே" என்றேன். அப்போதுதான் பின் மேசையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார், அவர்தான் யாங், அவரும் அங்கேதான் சாப்பிட வந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. நன்றி சொல்ல வருகிறார் என்று நினைத்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. "நீங்க யாருங்க எனக்கு வேலை வாங்கித் தர? நானும் பதில் யோசிச்சுத் தயார் பண்ணிட்டுத்தான் வந்தேன். இனிமே எனக்கு இது கிடைச்சா, நான் வாங்கினதா ஆகுமா, நீங்க போட்டதா ஆகுமா? என் சம்சாரம்கிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்று நின்றுகொண்டே கேட்டார். அப்பா எழுந்து குனிந்து, "நான் யோசிக்கல. உங்களுக்கு இப்படிப் படும்னு யோசிக்கல. மன்னிச்சுக்கணும்" என்றார். பின் மேசையில் யாங்கின் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. நான்தான், "அண்ணே, கிண்ணத்தை இங்க எடுத்துட்டு வாங்க, சண்டையைச் சாப்பிட்டுப் போடலாம்" என்றேன். கொண்டு வந்தார். முள்ளங்கி ஊறுகாயைப் பகிர்ந்துகொண்டு மூன்று பேரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது யாங், "குடையை அப்படி வெச்சிருந்தேனா நான்?" என்று அப்பாவிடம் கேட்டார். வெச்சிருந்தீங்க என்றார் அப்பா. "எனக்கே தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அப்பா கிண்ணத்தில் சாறுகூட மீதி வைக்கவில்லை, பல மாதங்களில் அப்படிச் சாப்பிட்டதை நான் பார்த்ததில்லை. அதனால் பஸ்ஸில் அவரைத் திட்டலாம் என்று வைத்திருந்ததைத் திட்டாமல் விட்டேன். வேலை யாங்குக்குத்தான் கிடைத்தது. பள்ளியிலிருந்து அப்பாவுக்கு வருந்துகிறோம் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது, அவ்வளவுதான். யாங்கிடமிருந்து ஒன்றும் வரவில்லை, வர வேண்டும் என்றும் இல்லை.

நாலாவதை நேர்காணல் என்று சொல்ல முடியாது. பெரிய ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்தும் இடத்துக்கு ஆள் வைக்கும் ஒப்பந்தக்காரர், வாசலில் நின்றபடியே கிம்பாப் சோற்றுச் சுருளைச் சாப்பிட்டுக்கொண்டு, கண் தெரியுமா, கால் தாங்குமா, நாளைக்கு வர முடியுமா என்று கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தார் அப்பா. "இதுல ஒரு தப்பும் பண்ணல" என்று என்னிடம் சொன்னார். இலையுதிர் காலத்திலிருந்து அங்கேதான் நிற்கிறார், ஆரஞ்சு நிற மேல்சட்டை, கையில் விளக்குக் கோல், வருகிற வண்டி ஒவ்வொன்றுக்கும் இடுப்பு வரை குனிந்து வணங்க வேண்டும், அது அங்கே விதி. காலையில் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் கிளம்புகிறோம். சாயங்காலம் இரண்டு பேரும் ஒரே தொட்டி வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், பேசவும் முடியாத அளவுக்கு அலுப்பு. உன்னிடம் பழைய நண்பர் கம்பெனிக்கு ஆலோசனை சொல்லப் போகிறார் என்று நான் சொன்னேனே, அது இதுதான். பாங் அக்காவிடமும் அதையே சொல்லி வைத்திருந்தேன்.

இப்போது உன் விஷயம். நீ கேட்டதை அவரிடம் கேட்காமல் நான் விடவில்லை. நேற்றுக் காலை பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது, பிள்ளை கேட்டாளே, என்ன எழுதட்டும் என்று மறுபடி கேட்டேன். "என்கிட்ட போய்க் கேக்கறாளே, நான் மூணு எடத்துல தள்ளுபடியானவன்" என்றார். இதெல்லாம் அவளுக்குத் தெரியாதே என்றேன். பஸ் வந்து ஏறி உட்கார்ந்து இரண்டு நிறுத்தம் போனபிறகு சொன்னார், அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லச் சொல்லு. எதிர்ல உக்காந்து பாத்தவன் சொல்றேன், பாதிப் பேர் கேக்காத கேள்விக்குப் பயந்து பயந்து பதில் சொல்லித்தான் கெடுத்துக்குவாங்க. ஏன் வேலை போச்சுன்னு கேட்டா, கிளையை மூடிட்டாங்கன்னு சொல்லட்டும், அதோட நிறுத்தட்டும். அவ ஒண்ணும் தப்பு பண்ணல. தப்பு பண்ணின மாதிரி முகத்தை வெச்சுக்க வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் பங்குக்கு நான் சொல்வது, முந்தின நாள் நன்றாகத் தூங்கு, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போகாதே, கடித்தால் முகத்தில் தெரியும்.

இன்னும் ஒன்று சொல்லிவிட்டு முடிக்கிறேன், அடுப்பில் சூப் இருக்கிறது. போன வாரம் அப்பா நிற்கும் அந்த ஆஸ்பத்திரியின் இறுதிச் சடங்குக் கூடத்தில் துக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பரிமாறத் தொடுகறி நிறைய வேண்டும் என்று திடீரென்று சொன்னார்கள், பாங் அக்கா வேனை எடுத்துக்கொண்டு என்னையும் ஏறச் சொன்னாள். பின்வாசல் வழியாகப் போவாள் என்று நினைத்தேன், முன்வாசலுக்கே விட்டாள். வாசலில் உன் அப்பா. ஆரஞ்சு மேல்சட்டையில் எட்ட இருந்து பார்த்தால் யாரோ மாதிரி இருந்தார். எங்கள் வேன் திரும்பியதும் இரண்டு கையையும் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு ஆழமாகக் குனிந்தார், உள்ளே யார் என்று பார்க்கவில்லை, வண்டியைத்தான் வணங்குகிறார். பாங் அக்கா, "பாத்தியா, என்ன மரியாதையா குனியறாரு. ஏதோ நல்ல எடத்துல இருந்துட்டு வந்த ஆளு போல" என்றாள். நான் பேசாமல் இருந்திருக்கலாம். என்னவோ, அந்த நேரத்தில் மறைப்பதற்கும் எனக்குத் தெம்பு இல்லை. "அக்கா, அவரு என் வீட்டுக்காரரு" என்றேன்.

பாங் அக்கா வேனை அங்கேயே நிறுத்திவிட்டாள். வாசலுக்கு நடுவில். பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்கத் தொடங்கின. அப்பா ஓடி வந்து, ஜன்னலில் குனிந்து, தயவுசெய்து முன்னால் எடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். பாங் அக்கா ஸ்டியரிங்கில் நெற்றி படுகிற அளவுக்குக் குனிந்து, "அண்ணே, உங்க வீட்டம்மா கைதான் என் கடை. தெரியாம போச்சு, வணக்கம்" என்றாள். அவரும் பதிலுக்குக் குனிந்தார். பிறகு தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "பின்னால ஆம்புலன்ஸ் வரும், எடுத்துக்கங்க, இடது பக்கம் இடம் இருக்கு" என்று கோலைக் காட்டினார். நாங்கள் நகர்ந்ததும் ஹாரன் அடித்த கார்க்காரனிடம் போய், தாமதத்துக்கு மன்னிக்கச் சொல்லி அவனுக்கும் குனிந்தார். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போனேன்.

சாயங்காலம் இரண்டு பேரும் வெந்நீரில் கால் வைத்துக்கொண்டிருந்தோம். தண்ணீர் ஆறுகிற நேரத்தில்தான் கேட்டார், "உள்ள உக்காந்து பாத்தியே, நான் குனிஞ்சது எப்படி இருந்துது?" அவர் விளையாட்டுக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். "நல்லா இருந்துது. கொஞ்சம் அதிகம்" என்றேன். "சரி, நாளையிலேர்ந்து கொறைச்சுக்கறேன்" என்றார்.

நீ தைரியமாகப் போய் வா. நீ அடி எடுத்து வைக்கும் இடமெல்லாம் உனக்கு வழி விடட்டும், உடம்பும் மனதும் நோகாமல் நீ நீண்ட நாள் இருக்க வேண்டும் என்று அம்மா அப்பா இரண்டு பேரும் வாழ்த்துகிறோம். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அன்றைக்கே கூப்பிடு, இந்த முறை அவர் குழாயைத் திறக்க மாட்டார் என்று நினைக்கிறேன். இதெல்லாம் நான் எழுதினேன் என்று மட்டும் காட்டிக்கொள்ளாதே. மிளகாய்த்தூளை வந்ததும் பிரித்து ஃப்ரீசரில் வை, வெளியே வைத்தால் நிறம் போய்விடும்.

இப்படிக்கு,
உன்னை நினைத்தபடி,
தேகுவிலிருந்து அம்மா